லெம்மிக்குக் குடிபோகலாமா? பரவலாக்கப்பட்ட விவாதக் குழுக்களின் பலமும் பலவீனமும்

#1 கொடிப்பந்தல்

வணக்கம். மரபு விதை, மாடித்தோட்டம் பற்றிப் பேசும் குழு ஒன்று முகநூலில் நடக்கிறது. தினமும் எட்டிப் பார்ப்பவர்கள் இருநூறு பேர் தேறுவார்கள். கத்தரிச் செடியின் வாடல் நோய்க்குப் போன ஆடியில் ஒருவர் எழுதிய அருமையான பதிலை இன்று தேடினால் அகப்படுவதில்லை. குழுவையே ஒருநாள் முடக்கிவிட்டால் முறையிட ஆள் கிடையாது. ரெட்டிட் போல விவாதக் குழு நடத்த உதவும், பல சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் லெம்மி என்ற மென்பொருளுக்கு மாறலாம் என்று பேச்சு எழுந்திருக்கிறது. "யாருக்கும் சொந்தமில்லை, யாராலும் மூட முடியாது" என்கிறார்கள். அது எந்த அளவுக்கு உண்மை? சர்வர் நடத்துபவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். இதற்குப் பேசாமல் ஒரு சாதாரண ஃபோரம் மென்பொருள் போதுமா என்பதும் கேள்வி.

#2 நாலாம்தறி

"யாராலும் மூட முடியாது" என்பது லெம்மிக்குப் பொருந்தாது. ஏன் என்று புரிய, ஒரு கருத்து எப்படிப் பயணிக்கிறது என்று பாருங்கள்.

லெம்மியில் ஒவ்வொரு குழுவுக்கும் தாய் சர்வர் என்று ஒன்று உண்டு. குழு 'அ' சர்வரில் இருக்கிறது, உங்கள் கணக்கு 'ஆ' சர்வரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எழுதும் கருத்து 'ஆ'வில் சேமிக்கப்பட்டு, பிறகு 'அ'வின் குழுவுக்குப் போகிறது. 'அ' அதை ஏற்றுக்கொண்டால், குழுவின் பெயரால் ஓர் அறிவிப்பாகச் சுற்றி, அந்தக் குழுவில் ஒரு உறுப்பினராவது இருக்கிற எல்லா சர்வருக்கும் அனுப்புகிறது. ஆக, எழுத்தின் நகல் எல்லா இடத்திலும் கிடக்கும். ஆனால் எது குழுவில் சேரும், யார் மாடரேட்டர், எதை நீக்கலாம் என்ற அதிகாரம் 'அ'விடம் மட்டும்தான்.

'அ' மூடப்பட்டால்? நகல்கள் அங்கங்கே அப்படியே இருக்கும், படிக்கலாம். புதிதாக ஒருவர் எழுதினால் அது அவருடைய சர்வரைத் தாண்டாது, ஏனென்றால் அறிவிப்பு அனுப்ப ஆள் இல்லை. பத்து சர்வரில் அதே குழு பத்துத் தீவாக நிற்கும். 2025 ஜூனில் லெம்.ஈ இப்படித்தான் மூடப்பட்டது. பெரிய சர்வர்களில் அதுவும் ஒன்று. பணம் தீர்ந்து மூடவில்லை, நிர்வாகிகள் சோர்ந்துபோனார்கள். அதிலிருந்த குழுக்கள் எல்லாம் வேறு சர்வரில் புதுப்பெயரில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஜெர்மன் மொழிக்காரர்களின் ஃபெடிட்.டிஇ 2024இல் படுத்ததும் ஃபெடிட்.ஓஆர்ஜி எழுந்ததும் இதே கதைதான்.

குழுவை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு உறுப்பினர்களோடு நகர்த்தும் வசதி லெம்மியில் இல்லை. கணக்கிலும் பாதிதான்: சந்தாப் பட்டியல், தடைப் பட்டியல், அமைப்புகளை ஏற்றுமதி செய்யலாம், எழுதிய பதிவுகள் கூட வராது. எனவே முதல்நாளே முடிவெடுக்க வேண்டியது ஒன்றுதான்: குழு எந்த டொமைனில் (சர்வரின் இணையப் பெயரில்) பிறக்கப்போகிறது? அதைப் பின்னால் மாற்ற முடியாது.

#3 செய்திக்குழு_வாசகர்

நாலாம்தறி சொன்ன தாய் சர்வர் இல்லாத அமைப்பும் இருந்தது, இன்னும் இருக்கிறது: யூஸ்நெட். 1979இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் யோசித்தது, 1980இல் ஓடத் தொடங்கியது. அதில் ஒரு செய்திக்குழு என்பது வெறும் பெயர்தான். 'சாக்.கல்ச்சர்.தமிழ்' என்று தமிழருக்கும் ஒன்று இருந்தது. எந்த சர்வரில் எழுதினாலும் அது பக்கத்து சர்வருக்கும், அங்கிருந்து அதற்குப் பக்கத்துக்கும் போய்ச் சேரும். எந்த சர்வர் செத்தாலும் குழு சாகாது. கொடிப்பந்தல் கேட்ட "யாராலும் மூட முடியாது" இங்கே முழு உண்மை.

அதற்குக் கொடுத்த விலையையும் பாருங்கள். யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் குப்பையை அள்ளவும் யாருக்கும் உரிமை இல்லை. 1994 ஏப்ரலில் அரிசோனாவைச் சேர்ந்த இரண்டு வழக்கறிஞர்கள் கிரீன் கார்டு லாட்டரி விளம்பரத்தை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்களில் ஒரே மூச்சில் போட்டார்கள். தடுக்க இருந்த முக்கியக் கருவி 'கேன்சல்' செய்தி. எழுதியவரே தன் பதிவை நீக்குவதற்காக வைத்த வசதி அது. அனுப்புவது உண்மையில் அவர்தானா என்று சோதிக்கும் கையொப்பம் எதுவும் அன்று அதில் கிடையாது. ஸ்பேம் அழிக்கத் தன்னார்வலர்களும் அதைத்தான் பயன்படுத்தினார்கள், பிடிக்காதவர் எழுத்தை அழிக்க விஷமிகளும் அதையே பயன்படுத்தினார்கள். மாடரேட்டர் உள்ள குழுக்களிலும் 'அப்ரூவ்ட்' என்ற ஒரு தலைப்பு வரியைத் தானே சேர்த்துக்கொண்டால் பதிவு உள்ளே போய்விடும்.

ஆனாலும் யூஸ்நெட்காரர்கள் நிதானமாக ஒரு அளவுகோல் செய்தார்கள், அதை இன்றைக்கும் மெச்சலாம். ஒரே பொருளுள்ள ஒவ்வொரு பதிவுக்கும், அது எத்தனை குழுவில் போடப்பட்டதோ அந்த எண்ணின் வர்க்கமூலம் எடுத்து, எல்லாவற்றையும் கூட்டு. 45 நாளில் கூட்டுத்தொகை 20ஐத் தொட்டால் யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். இதற்கு ப்ரைட்பார்ட் குறியீடு என்று பெயர். ஒரே பதிவை ஒன்பது குழுவுக்குச் சேர்த்து அனுப்பினால் 3தான். தனித்தனியாக இருபது முறை போட்டால் 20. என்ன சொல்கிறார் என்பதைப் பார்க்காது, எத்தனை முறை கொட்டினார் என்பதை மட்டுமே பார்க்கும். கருத்துச் சண்டை இல்லாமல் ஸ்பேமை அளக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரிந்து வரவில்லை.

அப்படியும் ஓய்ந்தது. யூஸ்நெட் பதிவுகளைச் சேர்த்துவைத்த டெஜா நிறுவனத்தின் பழைய காப்பகத்தை 2001இல் வாங்கிய கூகுள், 2024 பிப்ரவரி 22 முதல் தன் குரூப்ஸ் வழியாக யூஸ்நெட்டில் எழுதுவதையே நிறுத்திவிட்டது.

#4 கொடிப்பந்தல்

நன்றி ஐயா. அப்படியென்றால் லெம்மியில் ஒரு பதிவை நீக்கினால், நகல் உள்ள எல்லா சர்வரிலும் நீங்குமா? எங்கள் குழுவில் பெண்கள் அதிகம். சிலர் வீட்டு மாடிப் படம் போட்டுவிட்டுப் பிறகு எடுத்துவிடுவார்கள்.

#5 உப்புக்காற்று

நீக்கு என்ற கோரிக்கை எல்லா சர்வருக்கும் போகும். அதற்குக் கீழ்ப்படிவது அந்தந்த சர்வரின் கையில். ஒழுங்கான மென்பொருள் கீழ்ப்படியும். அந்த நேரத்தில் அணைந்திருந்த சர்வர், உங்களோடு தொடர்பைத் துண்டித்துக்கொண்ட சர்வர், இவற்றில் பழைய நகல் தங்கிவிடும். ஆகவே உறுப்பினர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: இங்கே போட்டது திரும்பாது என்று நினைத்துக்கொண்டு போடுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வோட்டும் ரகசியம் இல்லை. விருப்பு, வெறுப்பு இரண்டும் போட்டவரின் பெயரோடுதான் சர்வர்களுக்கிடையே போகின்றன. லெம்மி அதைச் சாதாரண உறுப்பினருக்குக் காட்டாது, அட்மினுக்குத் தெரியும். அதே பதிவை, லெம்மியோடு பேசக்கூடிய க்பின் என்ற இன்னொரு மென்பொருள் வழியாகப் பார்த்தவர்களுக்குப் பட்டியலே தெரிந்தது.

படம் தனிச் சங்கதி. பெரிய படம் ஏற்றப்பட்ட சர்வரில் இருக்கும், மற்ற சர்வர்கள் அதன் சிறுபடத்தைத் தம் வட்டில் சேமித்துக்கொள்ளும். 2023 ஆகஸ்டில் லெம்மி.வேர்ல்டின் ஒரு குழுவில் சிறார் பாலியல் வன்கொடுமைப் படங்களை வேண்டுமென்றே கொட்டினார்கள். அந்தக் குழுவில் ஒரே ஒரு சந்தாதாரர் இருந்த சின்ன சர்வரிலும் அந்தச் சிறுபடம் வந்து உட்கார்ந்தது. அது எந்தக் கோப்பு என்று பிரித்தறிய முடியாமல், அந்த நாட்களில் வந்த படங்களை மொத்தமாக அழித்த நிர்வாகிகள் உண்டு.

இந்தியாவில் சர்வர் நடத்துபவருக்கு இது விளையாட்டில்லை. இப்படிப்பட்ட படத்தை வெறுமனே பதிவிறக்கிப் பார்ப்பது குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்னதை, உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் ரத்து செய்தது. அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதைப் போக்சோ (சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும்) சட்டத்தின் 15ஆம் பிரிவோடு பொருத்தி விரிவாகப் பேசியது. புகார் செய்யும் கடமையை நிறைவேற்றாத இடைநிலையாளர், அதாவது பிறர் போடுவதைத் தாங்கும் தளம் நடத்துபவர், அதற்குத் தான் பொறுப்பில்லை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவுப் பாதுகாப்பைக் கோர முடியாது என்றும் சொன்னது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி குறைதீர் அலுவலர் பெயரும் தொடர்பு வழியும் தளத்தில் இருக்க வேண்டும். ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

கையோடு செய்ய வேண்டியது: லெம்மி 0.19 வரிசையில், அமைப்புக் கோப்பின் பட சர்வர் பகுதியில் 'இமேஜ் மோட்' என்று இருக்கும். அதை 'நன்' என்று வையுங்கள். வெளி சர்வர்களின் சிறுபடம் உங்கள் வட்டுக்கே வராது.

#6 மேழி

எல்லோரும் பலவீனத்தையே பேசுகிறீர்கள். எந்த வீட்டோடு உறவு, எந்த வீட்டோடு இல்லை என்று நாமே முடிவு செய்யலாம் என்பது பெரிய பலம். 2023 ஜூனில் ரெட்டிட்டின் ஏபிஐ (வெளிச் செயலிகள் தளத்தோடு இணையும் வழி) கட்டணத்தை எதிர்த்துக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் லெம்மிக்கு வந்தார்கள். பீஹா என்ற சர்வரில் விண்ணப்பம் எழுதி, நிர்வாகி படித்துப் பார்த்த பிறகுதான் சேர முடியும். லெம்மி.வேர்ல்டில் யாரும் நொடியில் கணக்குத் திறக்கலாம். அங்கிருந்து வந்த தொல்லையைப் பீஹாவின் விரல்விட்டு எண்ணக்கூடிய நிர்வாகிகளால் சமாளிக்க முடியவில்லை. லெம்மி.வேர்ல்டையும் இன்னொரு பெரிய சர்வரையும் துண்டித்துவிட்டார்கள். தங்கள் இடத்தின் பேச்சுத் தரத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். முகநூலில் இப்படி ஒரு உரிமை உங்களுக்கு உண்டா?

#7 நாலாம்தறி

மேழி, உரிமை உண்டு, அதில் மாற்றுக் கருத்து இல்லை. கருவி முரட்டுக் கருவி என்பதுதான் என் வருத்தம். ட்விட்டர் போன்ற பரவலாக்கப்பட்ட மென்பொருளான மாஸ்டடானில் ஒரு சர்வரை 'லிமிட்' செய்யலாம்: அங்குள்ளவர்களின் பதிவு பொது ஓடையில் தெரியாது, ஏற்கனவே பின்தொடர்பவர்களுக்கு மட்டும் தெரியும். லெம்மியில் அந்த நடுப்படி அன்று இல்லை. முழுக்கத் திற, இல்லையென்றால் முழுக்க மூடு. அன்று பீஹாவின் குழுக்களில் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்த லெம்மி.வேர்ல்டுக்காரர்களும் ஒரே இரவில் வெளியே நின்றார்கள். அதைவிடக் கொடுமை, அவர்களுக்குத் தாங்கள் வெளியே நிற்பது தெரியவில்லை. பழைய நகல் கண்முன் இருக்கிறது, பதில் எழுதினால் ஏறுகிறது, எதிர்ப்பக்கம் யாருக்கும் போவதில்லை. இது பிழைச்செய்தியே இல்லாத மௌனம்.

மாஸ்டடானில் 'சஸ்பெண்ட்' செய்தால் பின்தொடர்தல்கள் அறுந்துபோகும். பிறகு மனம் மாறி நீக்கினாலும் அவை திரும்ப ஒட்டாது. எனவே துண்டிப்பதற்கு முன் உறுப்பினர்களுக்கு இரண்டு நாள் அவகாசமாவது கொடுத்து, காரணத்தோடு அறிவிப்பது மரியாதை. வெறுப்பையும் சட்டவிரோதப் படங்களையும் கொட்டும் சர்வருக்கு அந்த அவகாசம் வேண்டாம், பார்த்தவுடன் வெட்டலாம்.

#8 மேழி

மௌனத்தைப் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் அது மென்பொருளின் குறை, கொள்கையின் குறை இல்லை. "இந்த சர்வரோடு தொடர்பு அறுந்துள்ளது" என்று குழுவின் தலையில் ஒரு வரி காட்டினால் பாதிக் குழப்பம் தீரும். துண்டிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை.

#9 அலைவரிசை

தாமதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. லெம்மி 0.19இல் ஒரு சர்வர் இன்னொரு சர்வருக்கு அனுப்பும் செய்திகள் வரிசையாக, ஒன்று முடிந்து ஒன்றாகப் போகும். ஒழுங்கு குலையாது, சர்வர் கொஞ்ச நேரம் அணைந்திருந்தாலும் விட்ட இடத்திலிருந்து வரும். நல்ல வடிவமைப்பு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். போய்வர 0.3 வினாடி ஆனால், வினாடிக்கு மூன்று சொச்சத்துக்கு மேல் போகாது. ஒரு நாளில் அதிகபட்சம் 2,88,000. ஒவ்வொரு வோட்டும் ஒரு செய்தி என்பதை மறக்கக் கூடாது. அனுப்பும் சர்வரில் அதைவிட அதிகம் உண்டானால் வரிசை நீண்டுகொண்டே போகும். ஐரோப்பாவிலுள்ள லெம்மி.வேர்ல்டிலிருந்து ஆஸ்திரேலியாவின் ஆஸ்ஸி.ஜோனுக்கு 2024இல் நாள் கணக்கில் பதிவுகள் பின்தங்கியது இதனால்தான். வன்பொருளைப் பெரிதாக்கினால் தீராது, தூரம் அப்படியேதான் இருக்கும். 0.19.6இல் ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் பல செய்தி அனுப்பும் அமைப்பு வந்தது. அதை மாற்ற வேண்டியது அனுப்புகிற பக்கத்து அட்மின். வாங்குகிற பக்கம் கேட்டுக்கொள்ள மட்டுமே முடியும்.

மும்பையில் சர்வர் வைத்தால் ஐரோப்பாவுக்குப் போய்வர 0.15 வினாடிக்கு முன்பின் ஆகும், அதோடு சர்வர் வேலை செய்யும் நேரம். உங்கள் குழுவே உங்கள் சர்வரில் இருந்தால் இந்தக் கவலை அநேகமாக இல்லை. உங்களிடமிருந்து வெளியே போவது கொஞ்சம்தான்.

#10 நாலாம்தறி

கொடிப்பந்தல், சொந்த சர்வர் என்று முடிவானால், உடைகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

டொமைன்: இலவசமாகக் கிடைக்கிறதே என்று வேறு நாட்டு டொமைன் எடுக்காதீர்கள். 2023 ஜூலையில் மாலி நாட்டின் .எம்எல் டொமைன்கள் திரும்ப எடுக்கப்பட்டபோது ஒரு லெம்மி சர்வர் பெயரை இழந்தது. 2024 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானின் .ஏஎஃப் டொமைனில் இருந்த ஒரு மாஸ்டடான் சர்வருக்கும் அதே கதி. பெயர் போனால் வட்டில் எல்லாத் தரவும் பத்திரமாக இருந்தும் பயனில்லை. மற்ற சர்வர்களுக்கு உங்கள் அடையாளமே அந்தப் பெயர்தான்.

சாவி: ஒவ்வொரு கணக்குக்கும் குழுவுக்கும் ஒரு தனிச்சாவி தரவுத்தளத்துக்குள் இருக்கிறது. சோதனைக்காக நிறுவி, வெளி சர்வர்களோடு பேசவிட்டு, பிறகு அழித்துவிட்டு அதே டொமைனில் புதிதாக நிறுவினால் சாவி மாறிவிடும். மற்றவர்கள் பழைய சாவியை வைத்துக்கொண்டு உங்கள் கையொப்பத்தைப் பொய் என்று தள்ளுவார்கள். சோதனைக்கு வேறு துணை டொமைன் வைத்துக்கொள்ளுங்கள். சர்வர் கடிகாரம் தவறினாலும் இதே அறிகுறிதான் தெரியும், முதலில் அதைச் சரிபாருங்கள்.

பேக்கப்: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைத் தினமும் டம்ப் (முழு நகல்) எடுத்து வேறு நிறுவனத்தின் இடத்தில் வையுங்கள். படக் கோப்புகளும் அமைப்புக் கோப்பும் தனி. மாதம் ஒருமுறை வேறு கணினியில் மீட்டுப் பாருங்கள். மீட்கும்போது பலர் விழும் குழி ஒன்று உண்டு. நேற்றைய பேக்கப்பை மீட்டால், நேற்றிரவுக்குப் பிறகு வந்த பதிவுகள் உங்களிடம் இல்லை, ஆனால் வெளி சர்வர்களில் இருக்கின்றன. புதுப்பதிவு அதே எண்ணை மறுபடி எடுக்கும். அந்த எண்ணுள்ள பதிவு ஏற்கனவே இருக்கிறதே என்று வெளி சர்வர்கள் குழம்பும். ஆகவே மீட்டவுடன், சர்வரைத் திறப்பதற்கு முன், பதிவு, கருத்து இரண்டு அட்டவணைகளின் வரிசை எண்ணையும் ஒரு பத்தாயிரம் முன்னே தள்ளிவிடுங்கள்.

மின்னஞ்சல்: மலிவு விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) பலவற்றில், அஞ்சல் வெளியே போகும் 25ஆம் போர்ட் பூட்டியிருக்கும். கடவுச்சொல் மீட்பு அஞ்சல் போகாமல் உறுப்பினர்கள் தவிப்பார்கள். அஞ்சல் அனுப்பும் சேவை ஒன்றை முதலிலேயே இணையுங்கள்.

சேர்க்கை: விண்ணப்ப முறை. "எந்த ஊர் விதை வைத்திருக்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி போதும், பாட்கள் (தானியங்கிக் கணக்குகள்) அதிலேயே திணறும்.

#11 உப்புக்காற்று

ஒரு சின்னது, ஆனால் தமிழ்க் குழுக்களுக்கு முக்கியம். லெம்மியில் குழுவின் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்க்காவிட்டால், தமிழ் என்று குறித்து எழுதும் பதிவை அது ஏற்காது. உறுப்பினர் தன் அமைப்பில் தமிழை மட்டும் தேர்ந்து 'மொழி குறிப்பிடாதது' என்பதை விட்டுவிட்டால் பாதிப் பதிவு மறைந்துபோகும். "குழுவில் யாருமே எழுதவில்லையே" என்று வரும் புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

#12 அலைவரிசை

கொடிப்பந்தல் கேட்ட கடைசிக் கேள்விக்கு என் பதில்: உங்களுக்கு வேண்டியது தேடல், நிலைத்திருப்பது, சொந்தக் கட்டுப்பாடு. மூன்றும் சாதாரண ஃபோரம் மென்பொருளிலேயே கிடைக்கும். நூற்றுக்கணக்கான சர்வர்களோடு உறவாடுவது உங்கள் குழுவுக்கு உயிர்நாடி இல்லை. நோட்பிபி என்ற ஃபோரம் மென்பொருளின் 4ஆம் பதிப்பில், லெம்மியும் மாஸ்டடானும் சர்வர்களுக்கிடையே பேசும் பொதுமொழியான ஆக்டிவிட்டிபப் வந்துவிட்டது. ஃபோரமாக நடத்துங்கள், வெளியிலிருந்து ஒருவர் மாஸ்டடானில் இருந்தபடியே ஒரு பகுதியைப் பின்தொடர வேண்டுமென்றால் அந்தக் கதவைப் பிறகு திறக்கலாம். டிஸ்கோர்ஸ் என்ற இன்னொரு ஃபோரம் மென்பொருளிலும் அதற்குச் செருகுநிரல் உண்டு. லெம்மியின் தேடல் தன் சர்வரில் இருக்கும் நகலுக்குள் மட்டும்தான் தேடும். புது சர்வரிலிருந்து ஒரு குழுவில் சேர்ந்தால் பழைய விவாதங்கள் முழுசாக வந்து சேராது, கடைசியாக வந்த சில பதிவுகள்தான் வரும். வாடல் நோய்ப் பதிலைத் தேடுபவருக்கு அது ஏமாற்றமே.

#13 மேழி

அலைவரிசை சொல்வதை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. சொந்த ஃபோரம் என்றால் புது ஆள் வருவது கடினம். லெம்மியில் ஏற்கனவே கணக்குள்ளவர் தோட்டம் என்று தேடி வந்து விழுவார், இன்னொரு கடவுச்சொல் வேண்டாம். சின்னக் குழு பட்டினி கிடக்காமல் இருக்க அந்த வரத்து தேவை. அதனால் நோட்பிபி என்றாலும் கதவை முதல் மாதமே திறந்து வையுங்கள், படத்தை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

#14 கொடிப்பந்தல்

எல்லோருக்கும் மிக்க நன்றி. நோட்பிபி, .இன் டொமைன், விண்ணப்ப முறை என்று குழுவில் முன்வைக்கப் போகிறேன். டொமைன் ஒருவர் பெயரில் இருப்பது சரியா? முகநூலில் உள்ள பழைய பதிவுகளை மொத்தமாக எடுக்க வழி உண்டா?

#15 நாலாம்தறி

டொமைனைத் தனிநபர் பெயரில் எடுக்காதீர்கள். பதிவு செய்த சங்கமோ அறக்கட்டளையோ இருந்தால் அதன் பெயரில் எடுங்கள். பதிவாளர் கணக்கின் மின்னஞ்சல் அந்த டொமைனிலேயே இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அஞ்சலும் சேர்ந்து படுத்துவிடும். நுழைவு விவரம் இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஐந்து ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள், டொமைனை வேறு பதிவாளருக்கு யாரும் மாற்றிவிடாதபடி மாற்றப் பூட்டைப் போட்டுவையுங்கள்.

முகநூல் குழுவை மொத்தமாக இறக்க வழியில்லை. குழுக்களுக்கான ஏபிஐயை 2024 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். கையால்தான் எடுக்க வேண்டும். மாடரேட்டர்கள் ஆளுக்குப் பத்து நல்ல விவாதங்களைத் தேர்ந்து, எழுதியவரிடம் தனிச்செய்தியில் அனுமதி கேட்டு, அவர் பெயரும் முதலில் எழுதிய தேதியும் மேலே போட்டு, புதுத்தளத்தில் ஒட்டுங்கள். அனுமதி கேட்கும்போதே, இது வேறு சர்வர்களுக்கும் நகலாகப் போகும் என்பதையும் அதே செய்தியில் எழுதிவிடுங்கள். வாடல் நோய்ப் பதிலிலிருந்து தொடங்கலாம், ஆடிப்பட்டம் வருவதற்குள் அது கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.